மேனாட்டு இசைநாடகங்களிற் பாட்டும் பாத்திரமும்

இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்து, அம்மூன்றனையும் ஒருங்கே தமிழ் என்று போற்றிய முன்னோர் மரபில் வந்தவர் நாம். ஆயினும், இம்மூன்றனையும் தனித்தனியே கற்கின்றோமேயன்றி, அவை ஒன்றையொன்று தழுவி நிற்குமிடத்து எங்ஙனம் இயங்குகின்றன என்பதை ஆராய்வார் நம்முள் மிகச் சிலரே. இசைவல்லார் பாட்டின் இனிமையையே நோக்குவர். புலவர் சொல்லின் நயத்தையே நோக்குவர். கூத்து விழைவார் மெய்ப்பாட்டையே நோக்குவர். மூன்றும் ஓருயிராய் நிற்றற்குரிய கலையொன்று, அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரத்தும் ஆங்கில நாட்டின் இலண்டன் மாநகரத்தும் சென்ற நூறாண்டாகச் செழித்து வளர்ந்துள்ளது. அதனை அந்நாட்டார் ‘மியூசிக்கல்’ என்பர். யாம் இசைநாடகம் என்போம். அதன் இயல்பினையும், அதன்கண் பாட்டு எவ்வாறு அமைதல் வேண்டும், எவ்வாறு பாடப்படுதல் வேண்டும் என்பன பற்றி எமக்குத் தோன்றிய சில கருத்துக்களையும் இக்கட்டுரைக்கண் கூறப் புகுகின்றோம்.

இப்பொருளில் எமக்கு நாட்டம் பிறந்த வரலாற்றை முதற்கண் கூறுதல் முறையாகும். யாம் இளமை தொட்டு ஆலயப் பாடகர் குழுவில் பாடி வருகின்றோம். வாய்ப்பாட்டினை ஓர் ஆசிரியரிடமும், பியானோ வாத்தியத்தைப் பிறிதோர் ஆசிரியரிடமும் பயின்றோம். சுருதி பிறழாமற் பாடுதலே பாட்டின் முடிவான பயன் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இரண்டாண்டுகளுக்கு முன்னர், கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டி நம் மாணவியர் நடித்த நாடகமொன்றில், ஏரோது மன்னன் ஆணையால் மகவையிழந்த பெத்லகேம் ஊர்த்தாய் வேடம் எமக்கு வாய்த்தது. அதற்கமைந்த புலம்பற் பாட்டை யாம் மாசின்றிப் பாடினோம். ஒரு சுரமும் தவறவில்லை; மூச்சு இடையறவில்லை; அவையோரும் கைகொட்டி மகிழ்ந்தனர். நாடகம் முடிந்தபின் மண்டபத்தைப் பெருக்க வந்த மூதாட்டி ஒருத்தி எம்மை நோக்கி, “பாட்டு நன்றாய்த்தான் இருந்தது, அம்மா! ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படியா பாடுவாள்?” என்று கேட்டுவிட்டு, விளக்குமாற்றைக் கையிலெடுத்துக் கொண்டாள். அவள் வளர்ந்த மகனொருவனை இழந்தவள் என்பதைப் பின்னரே அறிந்தோம். அச்சொல் எம்மை விட்டு இன்றளவும் நீங்கிற்றில்லை. அதற்கு விடை தேடப் புகுந்தே, பாட்டையும் பாத்திரத்தையும் இணைக்க முயன்ற மேனாட்டார் இசைநாடகங்களின் சுரக்குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் தேடிக் கற்கலானோம்.

இசைநாடகம் என்பது ஆபெரா எனப்படும் பண்டை இசைக்கூத்தினின்றும் வேறானது. ஆபெராவில் இசையே தலைமை பூணும். பயின்ற குரலினர் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பேரரங்கை நிறைப்பர். கதை பெரும்பாலும் பாட்டாகவே செல்லும். இசைநாடகத்திலோ பேச்சும், பாட்டும், ஆட்டமும் மாறி மாறி வரும். பேசிக்கொண்டிருந்த ஒருவர் பாடத் தொடங்குவர். பாடிக்கொண்டிருந்தவர் ஆடத் தொடங்குவர். இவ்விரண்டற்கும் இடையேயுள்ள வரம்பு கற்சுவரன்று என்பதும் ஈண்டு அறியத்தக்கது. முழுவதும் பாட்டாகவே அமைந்த இசைநாடகங்களும் உள. இசைநாடகமாக எழுந்து பின்னர் ஆபெரா அரங்கேறியனவும் உள.

இக்கலையின் வரலாற்றில் இரண்டு நாடகங்கள் எல்லைக் கற்களாக நிற்கின்றன. 1927-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் நியூயார்க்கில் அரங்கேறிய ‘ஷோ போட்’ அவற்றுள் முன்னது. ஜெரோம் கெர்ன் இசையமைக்க, ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் சொல்லமைத்தார். அதற்கு முன்னர், பாட்டுக்கள் கதையோடு தொடர்பின்றி மகிழ்ச்சிப் பொருட்டாகவே இடையிடையே செருகப்பட்டு வந்தன. மிசிசிப்பி ஆற்றில் மிதந்து செல்லும் நாடகப் படகு ஒன்றின் கதையாகிய இதன்கண், கறுப்பினத் தொழிலாளன் ஒருவன் ஆற்றை நோக்கிப் பாடும் பாட்டு ஒன்றுண்டு. அதன் பல்லவி பெரிதும் நம் மோகன இராகத்து ஐந்து சுரங்களோடு ஒத்த சுரங்களால் இயன்றது. கீழ்த்தாயியிலே மெல்லத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து செல்லும் அவ்வமைப்பு, சுமை தூக்குவோன் தோளையும் ஓயாது செல்லும் நீரையும் ஒருங்கே கண்முன் நிறுத்துகின்றது. பால் ராப்சன் என்னும் பெரும்பாடகர் பிற்காலத்தில் தம் கச்சேரிகளில் இப்பாட்டின் சொற்களை மாற்றி, ஆற்றாமை தோன்றிய இடத்தே எதிர்த்து நிற்கும் உறுதி தோன்றப் பாடினார். பாட்டு ஒன்றே, பாடுவோன் உள்ளம் மாறவே பொருளும் மாறிற்று.

மற்றையது, 1943-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் அரங்கேறிய ‘ஓக்லஹோமா’. ரிச்சர்டு ராட்ஜர்ஸ் இசையும் ஹாமர்ஸ்டைன் சொல்லும் கூடியது. அக்காலத்து இசைநாடகங்கள் ஆடல் மகளிர் கூட்டத்தோடு ஆரவாரமாய்த் தொடங்குதல் வழக்கம். இதுவோ, மூதாட்டி ஒருத்தி தனியே அமர்ந்து வெண்ணெய் கடைந்துகொண்டிருக்க, மாடு மேய்க்கும் இளைஞன் ஒருவன் குரல் மட்டும் அரங்கின் புறத்தேயிருந்து வருவதாகத் தொடங்கிற்று. அவ்வளவு எளிய தொடக்கமுடைய இந்நாடகம் 2,212 முறை தொடர்ந்து நடிக்கப்பெற்றது. இவ்விருவர் தொழின்முறையும் நோக்கத்தக்கது. ராட்ஜர்ஸ் முன்னர் லாரன்ஸ் ஹார்ட் என்பாரோடு பணி செய்த காலத்துப் பெரும்பாலும் மெட்டு முன்னும் சொல் பின்னுமாக அமைந்தன. ஹாமர்ஸ்டைனோடு கூடியபின் சொல் முன்னும் மெட்டு பின்னுமாக அம்முறை மாறிற்று. மெட்டுக்குச் சொல் பொருத்துவதா, சொல்லுக்கு மெட்டு பொருத்துவதா என்னும் வழக்கு நம் நாட்டார்க்கும் புதிதன்று. பாத்திரத்தின் வாய்மொழியிலிருந்தே பண் பிறத்தல் வேண்டும் என்பார்க்கு ஓக்லஹோமா ஒரு சான்றாகும்.

இந்நூல்களைக் கற்குந்தோறும், ஓர் இசைநாடகப் பாட்டின் தகுதியை அளத்தற்கு மூன்று வினாக்கள் போதும் என்று எமக்குத் தோன்றியது. முதலாவது, இவர் இவ்விடத்துப் பேசாது பாடுவானேன்? பேச்சினால் ஆற்றொணாத அளவு உணர்ச்சி பெருகிய இடத்தன்றிப் பாட்டு எழுமாயின், அது செருகலே யாகும். இரண்டாவது, இம்மெட்டை இவரையன்றி வேறொருவர் பாடின் பொருந்துமோ? பொருந்துமாயின், இசையமைத்தவர் பாத்திரத்தை அறியவில்லை என்பதே முடிபு. மூன்றாவது, முன் வந்த மெட்டு மீண்டும் வருங்கால் புதிதாக யாது கொணர்கின்றது? பொருளை வளர்த்துக்கொண்டு மீள்வது கலை. கேட்டாரைப் பழக்குதற்கு மட்டும் மீள்வது வாணிகம்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குழி, 1957-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அரங்கேறிய ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’க்கு நிகராவன மிகச் சிலவே. ஷேக்ஸ்பியரின் ரோமியோ, ஜூலியட் கதையை நியூயார்க் நகரத் தெருவில் நிறுத்தி, பகைத்த இரு குடும்பங்கட்கு மாறாகப் பகைத்த இரு இளைஞர் கூட்டங்களை அமைத்தனர். கதையுரை ஆர்தர் லாரன்ட்ஸ். ஆடலும் நெறியாள்கையும் ஜெரோம் ராபின்ஸ். பாடற் சொற்கள் அப்பொழுது இருபத்தேழு வயதே நிரம்பிய ஸ்டீபன் சோந்தைம். இசை லெனார்டு பெர்ன்ஸ்டைன்.

இந்நாடகம் முழுவதற்கும் வித்தாக இருப்பது ஒரு சுர இடைவெளி. ஷட்ஜத்தினின்று பிரதி மத்தியமத்திற்குச் செல்லும் தொலைவே அது. மேனாட்டு இசையாசிரியர் அதனை ‘இசையிலுள்ள பேய்’ என்று கூறி அஞ்சி ஒதுக்கியதுண்டு. காதலன் தான் அன்று கண்ட பெண்ணின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூறிப் பாடும் பாட்டு, ஷட்ஜத்தில் தொடங்கிப் பிரதி மத்தியமத்திற்குத் தாவி, உடனே பஞ்சமத்தில் அமைதி பெறுகின்றது. சினத்தை அடக்குமின் என்று கூட்டத் தலைவன் தன் தோழர்க்குக் கூறும் பாட்டும் அதே மூன்று சுரங்களால் இயன்றது. ஒன்றில் ஏக்கம் இன்பமாகக் கனிகின்றது. மற்றொன்றில் அவ்வேக்கமே கொதித்து அடங்கமாட்டாது நிற்கின்றது. காதலும் பகையும் ஒரே வேரினின்று கிளைத்தன என்பதைச் சொல்லாமலே சொல்லிவிட்டார் பெர்ன்ஸ்டைன்.

ஈண்டு நம்மனோர்க்கு ஓர் இடையூறு உண்டு. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களுள் முப்பத்தாறு பிரதி மத்தியமம் உடையன. கல்யாணி இராகத்திற் பழகிய செவிக்கு அச்சுரம் அச்சந் தருவதன்று. மங்கலமும் மகிழ்ச்சியும் தருவதாம். ஆதலின் யாம் முதன்முறை அப்பாட்டைக் கேட்டபொழுது இனிமையையே கண்டோம்; அமைதியின்மையைக் கண்டிலேம். பின்னர்ப் பியானோவில் அதன் அடிச்சுரங்களையும் சேர்த்து வாசித்துப் பார்த்தபொழுதே, அச்சுரம் அங்கே வீடற்ற விருந்தினன் போல நின்று பஞ்சமத்தின் கதவைத் தட்டுவது புலனாயிற்று. பிற நாட்டு இசையைக் கேட்குங்கால், செவி தன் பழக்கத்தைச் சிறிது ஒதுக்கிவைத்தல் வேண்டும் என்பதை யாம் கற்றது இவ்விடத்தேயாம்.

தாளத்திலும் இந்நாடகம் வளமுடையது. போர்ட்டோ ரிக்கோத் தீவினின்று குடிபெயர்ந்த மகளிர், புகுந்த நாட்டைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் பாடும் பாட்டில், ஆறு மாத்திரைகள் ஒருகால் மும்மூன்றாகவும் ஒருகால் இவ்விரண்டாகவும் பிரிகின்றன. ‘தகிட தகிட, தக தக தக’ என்று சொல்லிப் பார்ப்பார்க்கு இது எளிதில் விளங்கும். அளவு மாறவில்லை, நடை மாறுகின்றது. இரு நாட்டிலும் கால் வைத்து எந்நாட்டிலும் ஊன்றாத மக்களின் நிலையை இத்தாளமே உணர்த்திவிடுகின்றது. முதற்பகுதியின் இறுதியை நோக்கி வரும் ஐவகைப் பாட்டும் அத்தகையதே. இரு கூட்டத்தாரும், காதலர் இருவரும், அனிட்டா என்னும் மங்கையும் தத்தம் எண்ணத்தை ஒரே வேளையில் பாடுகின்றனர். ஆலயத்தில் நால்வகைக் குரலில் கீதம் பாடிப் பழகினார்க்குப் பலகுரல் ஒருங்கிசைத்தல் வியப்பன்று. ஆயின், அங்கே நால்வர்க்கும் கருத்து ஒன்றே. இங்கோ ஐந்து குரலுக்கும் ஐந்து கருத்து. அனைவரும் அவ்விரவையே நோக்கியிருக்கின்றனர். ஒருவர்க்கு அது காதலிரவு, மற்றவர்க்குக் கொலையிரவு. பேச்சு நாடகத்தில் ஐவர் ஒருங்கே பேசின் இரைச்சலே மிஞ்சும். இசைநாடகம் மட்டுமே செய்ய வல்லது இது.

முடிவில், இறந்தவன் உடலை இரு கூட்டத்தாரும் சேர்ந்து தூக்கிச் செல்லுங்கால், இன்பமான ஒத்திசைச் சுரங்களின் கீழே அப்பழைய பேய்ச் சுரம் அடித்தொனியாக இருமுறை ஒலிக்கின்றது; மூன்றாம் முறை ஒலியாது அடங்குகின்றது. பகை தீர்ந்ததா, சற்று உறங்கிற்றா என்பதைக் கேட்போரே முடிவு செய்துகொள்ளல் வேண்டும்.

மெட்டு மீண்டு வருதலின் மாண்பினை அறிய விரும்புவார் ‘லெ மிஸராப்’ என்னும் நாடகத்தை நோக்குக. விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட பெருங்கதையைத் தழுவி, குளோடு மிஷேல் ஷோன்பெர்க் இசையமைத்தது. 1980-இல் பாரிசிலும், ஆங்கில வடிவில் 1985-இல் இலண்டனிலும் அரங்கேறியது. சிறை மீண்ட ஜான் வால்ஜான், தனக்கு உணவும் உறையுளும் அளித்த அத்தியட்சரின் வெள்ளிக் கலங்களைத் திருடி அகப்படுகின்றான். அத்தியட்சரோ, அவை தாம் கொடுத்தனவே என்று கூறி, விளக்குத் தண்டுகள் இரண்டையும் உடன் அளித்து அனுப்புகின்றார். அவ்விரக்கத்தால் உள்ளம் உடைந்து அவன் தனியே நின்று பாடுகின்றான். கதையின் பிற்பகுதியில், அவனை வாழ்நாளெல்லாம் துரத்திய ஜாவேர் என்னும் காவலன் அவன் கையில் அகப்படுகின்றான், கொல்லாது விடப்படுகின்றான். அப்பொழுது ஜாவேரும் தனியே நின்று பாடுகின்றான். இருவர்க்கும் இசை ஒன்றே! பெறற்கரிய இரக்கத்தை இருவரும் பெற்றனர். ஒருவன் அதனை ஏற்றுப் புதுவாழ்வு பெற்றான். மற்றவன் அதனைத் தாங்கமாட்டாது சேன் ஆற்றில் வீழ்ந்து மாண்டான். கிருபை என்னும் பொருளைப் பற்றிப் பல அருளுரைகளைக் கேட்டிருக்கின்றோம். ஆயினும், அதனை ஏற்றலும் மறுத்தலும் மனிதன் கையிலுள்ளன என்பதை ஒரு மெட்டை இருமுறை கேட்பித்து உணர்த்திய இவ்விடத்தைப் போல எம்மை நடுங்கச் செய்தது பிறிதில்லை. அத்தியட்சர் விருந்தோம்பிப் பாடிய மெட்டே, பின்னர்த் தோழரையெல்லாம் இழந்த இளைஞன் வெறுமையான இருக்கைகளை நோக்கிப் பாடும் பாட்டாக மீள்கின்றது. விருந்தழைத்த இசை, விருந்தினர் இல்லாத மனையில் ஒலிக்கக் கேட்பது எத்துணைத் துயரம்!

சோந்தைம் தாமே இசையும் சொல்லும் அமைத்த நாடகங்களுள் 1979-இல் அரங்கேறிய ‘ஸ்வீனி டாட்’ தலைசிறந்தது என்பது எம் துணிபு. அவர் இளமையில் ஹாமர்ஸ்டைனை ஆசானாகக் கொண்டவர். 2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மறைந்தார். பழிவாங்கும் வெறியால் கொலைஞனாகிய இலண்டன் நாவிதன் ஒருவன் கதை இது. இறந்தோர்க்குரிய இலத்தீன் வழிபாட்டிற் பாடப்பெறும் நியாயத்தீர்ப்பு நாளின் பண், இதன் இசையெங்கும் உருமாறி மறைந்து கிடக்கின்றது. அவ்வழிபாட்டை அறிந்தார்க்கு, கொலைஞன் தன்னைத்தானே நியாயாதிபதியாக எண்ணிக்கொள்ளும் கொடுமை இசையிலேயே விளங்கும். தன் வாழ்வைக் கெடுத்த நீதிபதி நாற்காலியில் அமர்ந்திருக்க, நாவிதன் கத்தியைத் தீட்டியவாறே இருவரும் சேர்ந்து மகளிர் அழகைப் பாடும் இடம் ஒன்றுண்டு. அவ்வளவு இனிய மெட்டு அந்நாடகத்தில் வேறில்லை. கேட்போர் அவ்வினிமையில் மயங்கியிருக்கும் வேளையில், கத்தி எப்பொழுது இறங்கும் என்னும் அச்சமும் உடன் நிற்கின்றது. இனிமையே அச்சத்தைப் பெருக்கும் கருவியாயிற்று. இனிய பாட்டு இனிய உணர்ச்சிக்கே உரியது என்று எண்ணியிருந்த எமக்கு இஃது ஒரு பாடமாயிற்று.

எல்லாப் புகழும் எல்லா நாடகத்திற்கும் உரியதன்று. ஆண்டுரு லாயிடு வெபர் அமைத்த ‘பாண்டம் ஆஃப் தி ஆபெரா’ 1986-இல் இலண்டனில் அரங்கேறியது; நியூயார்க்கில் 1988 முதல் 2023 வரை 13,981 முறை நடிக்கப்பெற்று, அந்நகரத்தார் வரலாற்றில் முதலிடம் பெற்றது. அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கி ஏறும் அதன் ஆர்கன் முழக்கத்தை ஒருமுறை கேட்டார் மறவார். ஆயினும், அதன்கண் மெட்டுக்கள் மீளுமிடங்களில், முன்னிருந்த பொருளினும் மிக்க பொருள் விளைதலை யாம் பலகாலும் காண்கிலேம். கண்ணைக் கவரும் தொங்குவிளக்கும் படகும் செவியின் பணியைக் குறைத்துவிடுகின்றன. நம் சென்னை நகரத்து ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து 2002-இல் இலண்டனிலும் 2004-இல் நியூயார்க்கிலும் அரங்கேறிய ‘பம்பாய் டிரீம்ஸ்’ பற்றியும் ஒரு சொல். தமிழ்த் திரைப்படம் ஒன்றிற்கு அமைந்த மெட்டும் அங்கு ஒலித்தது என்பது நமக்குப் பெருமை தருவதே. எனினும், திரைப்படத்திற்கென எழுந்த பாட்டுக்கள் அரங்கில் தனித்தனி மணிகளாக ஒளிர்ந்தனவேயன்றி, கதையென்னும் ஒரு நூலிற் கோக்கப்படவில்லை என்பது எம் கருத்து. இதற்கு மாறாக, லின் மானுவேல் மிராண்டா 2015-இல் அரங்கேற்றிய ‘ஹாமில்டன்’, அமெரிக்க விடுதலை வீரரையெல்லாம் விரைந்த தாள உரையாற் பேசவைத்து, அவர்கள் எதிர்த்த ஆங்கில மன்னனை மட்டும் பழைய ஆங்கில மெல்லிசையிற் பாடவைத்தது. எவர் பாடுகின்றார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே அறியலாம்.

இனி, பாடும் முறையை நோக்குவோம். 1984-ஆம் ஆண்டு பெர்ன்ஸ்டைன் தாமே தலைமை தாங்கி, வெஸ்ட் சைடு ஸ்டோரியின் இசையை ஆபெராவிற் புகழ்பெற்ற குரலினரைக் கொண்டு ஒலிப்பதிவு செய்வித்தார். நியூசீலந்து நாட்டுக் கிரி டெ கானவா காதலியாகவும், ஸ்பானிய நாட்டு ஹோசே கரேராஸ் காதலனாகவும் பாடினர். குரல் வளத்தில் அவர்க்கு ஒப்பார் அரியர். ஆயினும், தெருவில் வளர்ந்த அமெரிக்க இளைஞன் ஸ்பானிய ஒலிப்போடு பாடுவதும், ஸ்பானிய மொழிக் குடியிற் பிறந்த பேதைப்பெண் அரசமாதேவிபோற் பாடுவதும் செவிக்கு விருந்தாய் உள்ளத்துக்குப் பொய்யாய் நின்றன. இசையமைத்தவரே முன்னின்றும் இது நேர்ந்தது! பெத்லகேம் தாயாக யாம் பாடியதும் இத்தகைய பிழையே என்பதை இப்பதிவைக் கேட்டபொழுதே தெளிந்தோம். அவ்வளவு குரல் எமக்கு இல்லை என்பதொன்றே வேறுபாடு.

இதற்கு நேர்மாறான சான்று, 1956-இல் அரங்கேறிய ‘மை ஃபேர் லேடி’யில் ரெக்ஸ் ஹாரிசன் நடித்த மொழிநூற் பேராசிரியன். அவர்க்குப் பாடும் குரல் இல்லை. ஆதலின் பாட்டைத் தாளம் பிழையாது பேசியே நடத்தினார். பிறர் உணர்ச்சியை அறியாது சொல்லாராய்ச்சியிலேயே மூழ்கிக் கிடக்கும் அப்பாத்திரத்திற்கு அதுவே பொருத்தமாயிற்று. இறுதியில் தன் தனிமையை உணரும் பாட்டில் மட்டும் அவர் குரல் இசையைச் சிறிதே நாடுகின்றது. குறை குணமாயிற்று.

இந்நாடகமும் வெஸ்ட் சைடு ஸ்டோரியும் திரைப்படமாயின காலத்து, நடித்த மகளிர்க்காக மார்னி நிக்சன் என்பார் மறைவிலிருந்து பாடினார். 1961-இல் நத்தாலி உட்டிற்கும், 1964-இல் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் குரல் கொடுத்த அவர் பெயர் திரையிற் குறிக்கப்படவில்லை. பெர்ன்ஸ்டைன் தமது உரிமைத்தொகையில் ஒரு சிறு கூற்றை அவர்க்கு அளித்தார் என்பர். பின்னணிப் பாடகரைப் பெயர் சொல்லிப் போற்றும் நம் நாட்டார்க்கு இவ்வழக்கம் வியப்பளிக்கும். நிக்சன் அம்மையார் குரலில் மாசில்லை. ஆயினும் முகம் ஒருவரதும் குரல் ஒருவரதுமாக அமைந்த இடத்தில், மூச்சு ஓரிடத்தும் உயிர் ஓரிடத்தும் நிற்பதை ஊன்றி நோக்குவார் உணர்வர்.

2012-இல் வெளிவந்த லெ மிஸராப் திரைப்படத்தில் வேறொரு முறை கையாளப்பட்டது. நடிகர் செவியில் பியானோ ஒலி மட்டும் கேட்க, அவர் நடித்துக்கொண்டே பாடினர். பல்லியக் குழுவின் இசை பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஆன் ஹாத்தவே வாழ்விழந்த தாயாக நின்று பாடுங்கால், குரல் உடைகின்றது, சுரம் தேய்கின்றது, சொல் விம்மலில் அமிழ்கின்றது. இசைப் பயிற்சியுடையார் சிலர் இதனைக் குறை கூறினர். யாமும் முதலிற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பிழைகளை எண்ணினோம். பாதியில் எண்ணுதலை மறந்தோம். ஆயினும், உடைந்து பாடுதலே உண்மை என்று கொள்ளுதலும் தவறாம். 1985-இல் இலண்டனில் கால்ம் வில்கின்சன், எட்டாஞ்சுரத்துக்குத் தாவித் தொடங்கும் வால்ஜானின் வேண்டுதலை, குரலை எங்கும் உடைக்காது மெல்லிய மேற்குரலிலே நிறுத்திப் பாடினார். இறைவன் முன்னிலையில் முதியோன் ஒருவன் அஞ்சி மெல்லப் பேசும் பணிவு அது. ஆண்டு, அவ்வடக்கமே உண்மை.

எம் ஐயத்தைத் தீர்த்தது பிறிதொரு பதிவு. வெஸ்ட் சைடு ஸ்டோரியில், பகையற்ற இடமொன்று எங்கேனும் உண்டு என்று நம்பிப் பாடும் பாட்டு, 1957-இல் அரங்கின் புறத்தே நின்ற பெண்ணொருத்தியாற் பாடப்பட்டது. 1961-ஆம் ஆண்டுத் திரைப்படத்திற் காதலராற் பாடப்பட்டது. 2021-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலோ, போர்ட்டோ ரிக்கோவிற் பிறந்து, முன்னைப் படத்தில் அனிட்டாவாக நடித்த ரீட்டா மொரினோ, எண்பதைக் கடந்த முதுமையில் அதனைப் பாடுகின்றார். தொடக்கத்திலேயே மெட்டு கீழ்நின்று ஏழாஞ்சுரத் தொலைவு மேலே தாவுகின்றது. இளையோர் பாடுங்கால் அத்தாவல் நம்பிக்கை. நடுங்கும் அம்முதுகுரல் அதனை எட்டிப் பிடிக்குங்கால், வாழ்நாள் முழுவதும் காத்திருந்தும் அடையப்பெறாத ஒன்றன்மேல் வைத்த நம்பிக்கை. எந்த இளங்குரலும் அதனைத் தரமாட்டாது. ஆயினும், அந்நடுக்கத்தின் கீழே சுருதி நிற்கின்றது, தாளம் நிற்கின்றது, அறுபதாண்டுப் பயிற்சி நிற்கின்றது.

ஆகவே, பயிற்சி வேண்டா என்பது எம் முடிபன்று. பயிற்சி வீட்டின் அடித்தளம் போல்வது. அது மண்ணுக்குள் மறைந்து தாங்குதல் வேண்டும். மாசற்ற சுரத்தை அடையாதவன் அதனை விட்டுக்கொடுக்கவும் இயலாது. தன்னிடம் இல்லாததை எவரும் கொடை செய்தலாகாதன்றோ? யாம் செய்த பிழை, செம்மையாகப் பாடியதன்று. செம்மையாகப் பாடுகின்றோம் என்பதையே பாடியதாகும். மகவிழந்தாளை மறந்து எம்மையே அவைக்குக் காட்டினோம். இது பாடகர்க்கு மட்டுமன்றி, ஆலயத்திற் கீதம் பாடும் நம்மனைவர்க்கும் பொருந்தும் என்று எண்ணுகின்றோம்.

இக்கலையை அறிய விரும்பும் நண்பர் ஒரு நாடகத்தைத் தேர்ந்து, முதலிற் கதையை அறிந்தபின் இடையறாது ஒருமுறை கேட்க. பின்னர், மேலே கூறிய மூன்று வினாக்களையும் ஒவ்வொரு பாட்டிடத்தும் வினவுக. இரண்டு பதிவுகளை ஒப்பிடுக. எம் முடிபுகளோடு மாறுபடுவார் பலர் இருத்தல் கூடும். அவர் மாறுபாட்டைக் கேட்டுத் திருந்த ஆயத்தமாயிருக்கின்றோம்.

அம்மூதாட்டி இன்றும் மண்டபத்தைப் பெருக்க வருகின்றாள். இவ்வாண்டும் அவளைக் கண்டு வணங்கினோம். அப்புலம்பற் பாட்டை யாம் தனியே பயின்று வருகின்றோம். ஆயினும் அவள் கேட்பப் பாட இன்னும் துணிந்திலேம்.